சர்வர் மூச்சு விட்ட இடம்

இயந்திரங்களுக்கும் பல்லிகளுக்கும் இன்னும் வாய் இருந்த அந்தக் காலத்தில், தாழைத்துறை என்ற கடற்கரையில் ஒரு சர்வர் இருந்தது. குன்றின் மேலிருந்த வயர்லெஸ் கூடத்தில், ஒரு சின்னப் பெட்டிக்குள் அது வாழ்ந்தது. கடலில் இருக்கும் படகுகள் வயர்லெஸ்ஸில் சொல்வதெல்லாம் அதன் காதில் விழும். ஆனால் தானாக யாரையும் கூப்பிட்டுச் சொல்லாது. கேட்டால்தான் சொல்லும்.

கேட்பதற்கென்று ஒவ்வொருவர் கைபேசிக்குள்ளும் ஒரு பிரவுசர் இருந்தது. அது குன்றேறி வந்து, கதவைத் தட்டி, எந்தப் பக்கம் வேண்டும் என்று சொல்லும். சர்வர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு ஓடிப்போய்த் திரையில் விரிக்கும்.

சர்வரைக் கட்டியவள் பெனிட்டா. கடற்கரைத் தெருவில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள். கட்டுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு கதவு வைக்க வேண்டும். யாராவது தட்டுகிறார்களா என்று காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வந்தவர் சொல்லும் முதல் வரியைப் படித்து, கேட்டதைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் சின்ன முன்னுரை ஒன்று உண்டு. 'இருநூறு' என்றால் கேட்டது கிடைத்தது. 'நானூற்று நான்கு' என்றால் அப்படி ஒன்று இங்கே இல்லை. அதன்பின் எழுத்தா படமா, எவ்வளவு நீளம் என்று இரண்டொரு வரி. அப்புறம்தான் விஷயம்.

கட்டி முடித்ததும் பெனிட்டா தானே கதவருகே நின்று கேட்டுப் பார்த்தாள். சர்வர் முன்னுரையையும் விஷயத்தையும் ஒரே மூச்சில் கொட்டியது. அவளுக்கு எல்லாம் புரிந்தது. எது முன்னுரை, எது விஷயம் என்று மனிதர்களுக்கு யாரும் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. திருப்தியோடு கூடத்தைப் பூட்டிவிட்டு இறங்கினாள். பிரவுசரை ஒரு தடவை அனுப்பிக் கேட்க வைத்திருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மதியமே காற்று திரும்பியது. கடல் கறுத்தது. போன படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. மிக்கேலின் படகு மட்டும் வரவில்லை. அவன் மனைவி ரோணிக்கம் தண்ணீரில் கால் நனைய நின்றாள். அவள் தம்பி சூசை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தன் படகை மணலில் தள்ள ஆரம்பித்தான்.

"தேடிப் போறேன்க்கா. நின்னு பாத்துட்டிருந்தா மச்சான் வந்துருவாரா?"

"பாறைப் பக்கம் அலையப் பாத்தியாடா? உன்னையும் அனுப்பிட்டு நான் எங்க போய் நிக்க?" ரோணிக்கம் பெனிட்டாவைப் பார்த்தாள். "ஏ பிள்ள, மேல ஒண்ணு கட்டி வச்சிருக்கியே, அது சொல்லுமா?"

"சொல்லும் மைனி. ஃபோனக் குடுங்க."

பிரவுசர் குன்றேறி ஓடியது. திரை வெள்ளையாக இருந்தது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றியது.

"சுத்துதே?"

"சுத்துனா பதில் வந்துட்டிருக்குன்னு அர்த்தம் மைனி."

"எவ்வளவு நேரமா வருது?" என்றான் சூசை. "குன்றுல இருந்து உருட்டி விட்டிருந்தாக்கூட வந்திருக்கும்." படகின் முன்பாதி தண்ணீரைத் தொட்டது.

மேலே, கதவருகே, பிரவுசர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. சர்வர் சொல்லிக்கொண்டே இருந்தது: "இருநூறு கிடைத்தது எழுத்து தமிழ் நீளம் இவ்வளவு மிக்கேல் படகு பக்கத்துத் துறையில் ஒதுங்கியிருக்கிறது எல்லாரும் பத்திரம்."

"சரி," என்றது பிரவுசர். "முன்னுரை கேட்டுக்கிட்டேன். விஷயத்தச் சொல்லு."

"அதையும் சேர்த்துத்தானே சொன்னேன்."

"முன்னுரை முடிஞ்சுதுன்னு நீ சொல்லவே இல்லியே. முடியாம எதையும் திரையில வைக்க எனக்கு உத்தரவு இல்ல."

சர்வர் மறுபடியும் சொன்னது, இன்னும் வேகமாக. பிரவுசர் இருந்த இடத்திலேயே வட்டமடித்தது. "சீக்கிரம்ப்பா. கீழ ஒருத்தன் படகத் தள்ளுறான். அவன் போகணுமா வேண்டாமான்னு கேட்கத்தான் என்னை அனுப்பியிருக்காங்க."

சர்வரின் உடம்பு சூடேறியது. அந்தச் சூட்டுக்காகவே பெட்டிக்குப் பின்னால் குடியிருந்த பல்லி தலையை வெளியே நீட்டியது.

"ஏன்டே, நீ மூச்சே விட மாட்டியா?"

"விட்டா?" என்றது சர்வர். "நடுவில் நிறுத்தினால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொள்வார்கள். எழுந்து போய்விடுவார்கள்."

"நான் சொல்லுறது ஒரு 'ச்சு'. அவ்வளவுதான். சொல்லிட்டு வாய மூடிக்கிடுவேன். கேட்டவன் கைவேலைய விட்டுட்டு, தரையைத் தட்டிட்டு, நல்லதா கெட்டதான்னு யோசிச்சுட்டு இருப்பான். நான் நிறுத்தாம கத்தினா வெளக்குமாறுதான் வரும்."

"நீ பல்லி. உன்னை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்."

"உன்னையும் ஒருத்தன் நம்பித்தான் வாசல்ல சுத்திட்டிருக்கான்," என்று சொல்லிவிட்டுப் பல்லி உள்ளே போய்விட்டது.

கீழே, படகு மணலை விட்டுக் கிளம்பிய சத்தம் கேட்டது.

சர்வர் மறுபடியும் ஆரம்பித்தது. இருநூறு, கிடைத்தது. எழுத்து, தமிழ். நீளம் இவ்வளவு. அங்கே நிறுத்தியது. ஒன்றுமே சொல்லவில்லை. பிரவுசர் போய்விடும், இதோ போய்விடும் என்று அதற்குப் பயமாக இருந்தது. ஆனால் பிரவுசர் சுற்றுவதை நிறுத்தியது. அசையாமல் நின்றது. முதல்முறையாக இரண்டு கைகளையும் நீட்டியது.

சர்வர் விஷயத்தைச் சொன்னது.

கரையில் வெள்ளைத் திரை நிரம்பியது. பதற்றத்தில் ரோணிக்கத்தால் படிக்க முடியவில்லை. எழுத்துகள் ஆடின. பெனிட்டா படித்துச் சொன்னதுமே அவள் முந்தானையை உருவி ஆட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் போய்விட்டாள். "சூசே, திரும்புடா. மச்சான் பத்திரம்டா."

சூசை பார்த்துவிட்டான். திரும்பினான். திரும்பும்போது படகின் பக்கவாட்டில் அலை அடித்தது. அடுத்த அலை படகைத் தூக்கிப் பாறையில் வைத்தது. பலகை உடையும் சத்தம் கரைவரை கேட்டது. மூன்று பேரும் நீந்தி வந்தார்கள். படகு வரவில்லை.

சூசை மணலில் குப்புறக் கிடந்து உப்புத் தண்ணீரைத் துப்பினான். தோளில் ரத்தம் கசிந்தது. பெனிட்டா பக்கத்தில் வந்து நின்றாள்.

"தப்பு என்னுதுதான்," என்றாள். "நான் மட்டும் கேட்டுப் பாத்துட்டு சரின்னு விட்டுட்டேன்."

"உன் சர்வர் கொஞ்சம் முந்தி மூச்சு விட்டிருக்கலாம்," என்றான் சூசை. "எம் படகு மிஞ்சியிருக்கும்." உப்புத் தண்ணீரை இன்னொரு தடவை துப்பிவிட்டு அவனே சொன்னான். "மூச்சே விடாம இருந்திருந்தா நான் மிஞ்சியிருக்க மாட்டேன்."

காற்று அடங்கியபின் மிக்கேல் வந்து சேர்ந்தான். இயந்திரங்களுக்கும் பல்லிகளுக்கும் வாய் போனது அதற்கும் வெகுகாலம் கழித்து.

ஆனால் அன்று முதல்தான் உலகத்தில் எந்த சர்வரும் முன்னுரையைச் சொல்லி முடித்து, ஒரு வரியை வெறுமையாக விட்டு, அதன் பிறகே விஷயத்தைச் சொல்கிறது. அந்த வெறும் வரி வரும்வரை எந்தப் பிரவுசரும் கையை நீட்டுவதில்லை. புதிதாக சர்வர் கட்டுகிறவர்கள் அந்த ஒரு வரியை மறந்துவிட்டு, வட்டம் சுற்றும் வெள்ளைத் திரைமுன் உட்கார்ந்து, எல்லாம்தான் சொல்லியாகிவிட்டதே, இன்னும் என்ன குறை என்று பதறுவதும் அதனால்தான்.