நிற்காத புரோகிராம்

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு கம்ப்யூட்டர் சென்டருக்குள் போன காலம் அது. ஏகாம்பரம் சார் பாடத்தைத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். நாங்கள் கை தூக்குவது அவர் கண்ணிலேயே படாது.

ஒருநாள் அவர் எழுதிய புரோகிராம் பத்தாயிரம் பெயர்களை வரிசைப்படுத்தத் தொடங்கியதும் திரை உறைந்துபோனது. ‘நிறுத்து’ பட்டனை எத்தனை தடவை அமுக்கியும் பலனில்லை.

“மெஷின் கோளாறு! என் புரோகிராம்லதான் தப்புன்னு காட்டுனாத்தான் உங்களுக்கு சர்ட்டிபிகேட்” என்றார் சார்.

கடைசி வரிசை சகாயமேரி வந்து மெஷினை அணைத்துப் போட்டு, புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். மறுபடி ஓடவிட்டு பட்டனை அமுக்கினாள். நின்றது.

“என்னம்மா செஞ்சே?”

“நடுநடுவுல, யாராவது கூப்பிடுறாங்களான்னு பாக்கச் சொன்னேன் சார். ஆரம்பிச்சா அதுவும் உங்களை மாதிரியே திரும்பிப் பாக்கல.”

மறுநாள் பாதிப் பாடத்தில் சார் நின்றார். “யாருக்காவது சந்தேகம் இருக்கா?”

ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த சந்தேகம் ஒன்றுகூட எங்களுக்கு ஞாபகம் வரவில்லை.