ராவுத்தர் ஓதாமல் விட்டது

கடலோரக் கோட்டை ஒன்று. அதன் தலைவர் மீரா ராவுத்தர், சண்டையில் வாளைப் போட்டுவிட்டுச் சரணடைந்த ஐந்து பேரைக் கட்டிவைத்திருந்தார். தண்டோராக்காரன் சேகாதியைக் கூப்பிட்டார்.

"கண்ட இடத்தில் கொல்லுங்கள்னு குர்ஆனே சொல்லுது. விடிஞ்சதும் இவனுங்க தலையை எடுக்கிறேன். வேடிக்கை பார்க்க ஊரை வரச் சொல்லு. ஆயுதத்தை வாசல்ல வச்சிட்டு வரணும்."

விடிந்தது. ராவுத்தரைக் கண்டாலே ஆகாத ஊர், ஈட்டியும் அரிவாளுமாக உள்ளே வந்து நின்றது. அவர் சேகாதியைப் பக்கத்தில் இழுத்தார்.

"என்னடா முழக்கினே?"

"உள்ளே வரச் சொன்னேன், எசமான்."

"ஆயுதத்தை வைக்கச் சொன்னது?"

"அதை விட்டுட்டேன்."

"பாவி! பாதியைச் சொல்லி என் உயிருக்கு உலை வச்சிட்டியே!"

"இவங்க உயிருக்கு நீங்க வச்சதும் அதானே, எசமான். உங்களோட போரிடுறவங்களோட போரிடுங்க, வரம்பு மீறாதீங்கன்னு நீங்க சொன்ன வசனத்துக்கு முன்னாடியே இருக்கு. அவங்க நிறுத்திட்டா பகை கூடாதுன்னு பின்னாடி இருக்கு. அதையெல்லாம் ஏன் ஓதலை?"

கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. ராவுத்தர் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

நாலு பேர் எழுந்தார்கள். ஐந்தாவது ஆள் காயத்தோடு கட்டுண்டபடி இரவே இறந்துபோயிருந்தான்.

அவன் ஊருக்குச் சேதி சொல்ல சேகாதியைத்தான் அனுப்பினார்கள். அங்கே என்ன சொல்வது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை.