நிஷாந்தினி போடாத கையெழுத்து

ஜெயசீலன் கோபமாக வந்தான் என்று மட்டும் சொன்னால் அது குறைவு. பம்பு கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, வாரத்தில் மூன்று சாயங்காலம் வீட்டுக்குக்கூடப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்து ரோபோ அணிக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் அவன். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தவன். அப்படிப்பட்டவனைப் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி எதிர்த்துப் பேசினால் மனசு பொறுக்குமா?

சௌந்தரவல்லி மிஸ் இயற்பியல் லேபில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அணியை ஆரம்பித்து நடத்துகிறவர் அவர்தான். ஜெயசீலனும் ஒரு காலத்தில் அவரிடம் படித்தவன். முப்பது வயதாகியும் அவர் முன்னால் உட்கார மாட்டான்.

நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தான். சனிக்கிழமை மாவட்டப் போட்டி. தரையில் கிடக்கும் பெட்டிகளை ரோபோ எடுத்து அலமாரியில் வைக்க வேண்டும். அதற்காக அவன் அலுமினியத்தில் ஒரு கை செய்து கொடுத்திருந்தான். பத்துப் பெட்டி எடுத்தால் பத்தும் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது. அணித் தலைவி நிஷாந்தினியோ தான் பிளாஸ்டிக்கில் செய்த கையைத்தான் மாட்டுவேன் என்று நிற்கிறாள். அது பத்தில் மூன்றைக் கீழே போடுகிறது. இரண்டு வாரமாக இதே சண்டை. இப்போது அணியில் நாலு பேர் அலுமினியக் கட்சி, நாலு பேர் பிளாஸ்டிக் கட்சி. இன்று ஒருவரோடு ஒருவர் பேசக்கூட இல்லை.

“இனிமே என்னால முடியாதுங்க மிஸ். ஒண்ணு அவ இருக்கட்டும், இல்லாட்டி நான் இருக்கறேன். நீங்களே சொல்லுங்க.”

சொல்லிவிட்டானே தவிர, போகச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான். அந்த மூன்று சாயங்காலங்களுக்காகத்தான் அவன் வாரம் முழுக்கக் காத்திருப்பான்.

மிஸ் சிவப்புப் பேனாவை மூடினார்.

“சொல்றேன். அவ ஏன் அந்தக் கைதான் வேணும்ங்கறா?”

“பிடிவாதம்தான். வேற என்னங்க?”

மிஸ் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

“அவ சொல்ற காரணத்தை இதுல எழுது. அவகிட்டக் காட்டு. ‘நான் சொன்னது இதுதான்’னு அவ கையெழுத்துப் போட்டா எடுத்துட்டு வா. அப்புறம் யார் இருக்கறது, யார் போறதுன்னு சொல்றேன்.”

இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தான் ஜெயசீலன். ரோபோ அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் நடந்துகொண்டே எழுதி முடித்துவிட்டான். தானே செய்தது என்பதால் அந்தக் கையை விட்டுக்கொடுக்க நிஷாந்தினிக்கு மனசில்லை. அவ்வளவுதான், ஒரே வரி.

நிஷாந்தினி அதைப் படித்தாள். தாளை மேசைமேல் வைத்துவிட்டு ரோபோவின் சக்கரத்தைத் துடைக்கப் போய்விட்டாள்.

“இது நீங்க என்னைப் பத்தி நினைக்கறதுங்க சார். நான் சொன்னது இல்லை.”

அவனுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் மிஸ் கொடுத்த வேலையாயிற்றே. இரண்டாவது தடவை கொஞ்சம் யோசித்து எழுதினான். பிளாஸ்டிக்குக்கு எடை குறைவு, அதனால் ரோபோவுக்கு வேகம் கூடும். இந்தத் தடவை அவள் தலையாட்டினாள். ஆனால் பேனாவைத் தொடவில்லை.

“இது ரெண்டாவது காரணம் சார்.”

“அப்போ முதல் காரணம் என்ன? நீ சொல்லவே இல்லையே.”

“மூணு தடவை ஆரம்பிச்சேன். ஒவ்வொரு தடவையும் நீங்க கியரைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டீங்க.”

சுற்றி நின்ற பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் சொல்லத் தொடங்கியதும் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. இரண்டு முறை பல்லைக் கடித்து மூடிக்கொண்டான்.

போட்டிக் களத்தில் பயிற்சியாளர்கள் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்றாள் நிஷாந்தினி. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே நாலே நிமிஷம். சார் செய்த கை சுலபத்தில் கெடாது. கெட்டுவிட்டால் கழற்றி மாட்டப் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது. போன வாரம் அது சிக்கிக்கொண்டபோது சாருக்கே பத்தொன்பது நிமிஷம் ஆனது. பிளாஸ்டிக் கை உடையும். உடைந்தால் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, அணியில் யார் வேண்டுமானாலும் இரண்டரை நிமிஷத்தில் வேறு கை மாட்டிவிடலாம்.

அன்றைக்கு அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள் என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அவள் சொன்ன வரிசையிலேயே எழுதினான். ‘சார் இல்லாமல் நாலு நிமிஷத்தில் முடியுமா என்று பயப்படுகிறாள்’ என்று முடித்தான். அவள் கடைசி வார்த்தையை அடித்துவிட்டு ‘கணக்குப் பார்த்திருக்கிறாள்’ என்று எழுதினாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

அவன் மறுபடி லேபுக்கு வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மிஸ் தாளை வாங்கி, அடித்திருந்த இடத்தையும் சேர்த்து நிதானமாகப் படித்தார்.

“கையெழுத்து இருக்கு. யார் போறதுன்னு இப்பச் சொல்லட்டுமா?”

“அதை விடுங்க மிஸ். அவ சொல்றது சரிதான். ஆனா நான் சொல்றதும் சரிதானுங்க. மூணு பெட்டி விழுந்தா தோத்துடுவோம். இப்ப எந்தக் கையைத்தான் மாட்டறது?”

“அவ என்ன பண்ணிட்டிருக்கா?”

“அவளும் ஒரு தாளை எடுத்துட்டா. நான் சொல்ற காரணத்தை எழுதறாளாம், நான் கையெழுத்துப் போடணுமாம். ரெண்டு தடவை காட்டினா. ரெண்டு தடவையும் பாதிதான் இருந்துச்சு, திருப்பிக் கொடுத்துட்டேன்.”

மிஸ் சிவப்புப் பேனாவைத் திறந்து அடுத்த விடைத்தாளை எடுத்தார்.

“மறுபடியும் எழுதிட்டு வருவாளா?”

“வருவாளுங்க மிஸ். அவ விடமாட்டா.”

“அவ வர்றப்போ நீ அங்கே இருக்க வேண்டாமா, கண்ணு?”