முட்டை வண்ணத்தில் மீண்ட இளவரசி

மேகங்கள் கைக்கெட்டும் உயரத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு காலத்தில், மாணிக்கபுரி என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு இளவரசி மாதங்கியிடம் மந்திரவாதி சூன்யகேது கல்யாணம் கேட்டு வந்தான். அவள் சபை நடுவே, "முடியாது!" என்றாள்.

வந்ததே கோபம் அவனுக்கு! கோலைத் தட்டினான். "உன் நிறமெல்லாம் என் அங்கிக்குள் வரட்டும்! நீ இருந்த இடம் தெரியாமல் போ!"

உதட்டுச் சிவப்பு போனது. கூந்தல் கறுப்பு போனது. ஐயையோ, கன்னத்துக்குள்ளே பின்னாலிருந்த சுவர் தெரிந்தது!

"இதற்கு மாற்றே இல்லையா?" என்று ராஜா பதறினார்.

"உண்டு. இவளை உள்ளது உள்ளபடி ஒருவர் தீட்ட வேண்டும். 'இது நான்தான்' என்று இவள் சொல்ல வேண்டும். பொழுது சாய்வதற்குள்!" என்று இளித்தான் சூன்யகேது.

அந்த ஊரில் வஞ்சி என்றொரு ஓவியக்காரி இருந்தாள். மனிதர்களைத்தான் வரைவாள். நீலக் கை, ஊதா நெற்றி என்று தன் பாட்டுக்குத் தீட்டுவாள். சேதி கேட்டதும் பலகை, வண்ணப் பொடி, கோழி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

கோழியா? ஆமாம், பேசும் கோழி! பேர் சிங்காரி.

"சிங்காரியக்கா, ஒரு முட்டை வேணும்!"

"கேட்டால் தருவேன், பறித்தால் கொத்துவேன்!" என்று கொக்கரித்து ஒரு முட்டை இட்டது.

வஞ்சி மஞ்சள் கருவைப் பிரித்து, தண்ணீர் தெளித்து, பொடியைக் குழைத்தாள். படத்து முகம் முழுக்கப் பச்சை பூசினாள்.

"பேய் மாதிரி இருக்கிறேனே!" என்றாள் மாதங்கி.

"பொறுங்கள் இளவரசி. அடியில் பச்சை இருந்தால்தான் மேலே வரும் சிவப்புக்கு உயிர் வரும். பயமாக இருக்கிறதா?"

"அதைவிடக் கோபமாக இருக்கிறது!"

"அதையும் வைக்கிறேன்!" மயிரிழை போலச் சிவப்புக் கோடுகள், மஞ்சள் கோடுகள். புருவத்தில் பளீரென்று ஒரு நீலம்!

சூன்யகேது காற்றை ஏவினான். வஞ்சி பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மழையை ஏவினான். முட்டை வண்ணம்தான் பூசப் பூசக் காய்ந்துவிடுமே, ஒரு சொட்டும் கரையவில்லை! கடைசிக் கீற்றுக்குச் சிங்காரி இட்ட முட்டையைப் பறிக்கக் குனிந்தான்.

"பறித்தால் கொத்துவேன்!" மூக்கிலேயே ஒரு கொத்து!

வஞ்சி கடைசிக் கீற்றையும் தீட்டி முடித்தாள். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மாதங்கியின் குரல் மட்டும்தான் மிச்சம்.

"இதுவா நீ?" என்று அலறினான் சூன்யகேது. "பச்சை நிழல், நீலப் புருவம்! அழகே இல்லையே!"

மாதங்கி படத்தைப் பார்த்தாள். பயந்த கண். சினந்த புருவம். யார் சொன்னாலும் கேட்காத வாய்.

"இதுவரை எல்லோரும் என்னைப் பொம்மையாக வரைந்தார்கள். இது நான்தான்! இது நான்தான்! இது நான்தான்!"

படீர்! அங்கி கிழிந்தது. நிறங்கள் பீறிட்டுப் பறந்து வந்து அவளிடம் சேர்ந்தன. கோல் சுள்ளியாய் முறிய, மந்திரவாதி எடுத்தான் ஓட்டம்! மாதங்கி முழுசாக நின்றாள். ராஜா குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"என்ன வேண்டும், கேளம்மா!" என்றார் வஞ்சியிடம்.

"கோட்டைச் சுவர் வேண்டும், ராஜா. ஊர் ஜனங்கள் அத்தனை பேரையும் அதில் தீட்ட வேண்டும்!"

"தந்தேன்!"

மறுநாளே வேலை தொடங்கியது. பொடி அரைக்க முதல் ஆளாக இளவரசி வந்து உட்கார்ந்தாள். சுவர் நிறைந்தது, ஊர் நிறைந்தது, கேட்ட உங்கள் காதும் நிறையட்டும்!