ஒற்றைச் செருப்பு

முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பேர்போன டாக்டர் ஜெசிந்தாவிடம் தொழில் பழக, அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்த டாக்டர் தில்லைநாயகம் தூத்துக்குடிக்கு வந்தார். முதல் நாளே கேட்டார்: "முதுகுவலிக்காரருக்கு எப்போது கத்தியை எடுக்கணும்?"

"பார்ப்போம், டாக்டர்," என்றார் ஜெசிந்தா.

தினமும் நோயாளிகளைக் கூப்பிடும் முன் ஜெசிந்தா வாசலில் நின்று, அவர்கள் கழற்றிவிட்ட செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டரம்மா செருப்புக்குக் காவல் என்று நர்சுகள் சிரிப்பார்கள். தில்லைநாயகமும் சிரித்தார்.

உப்பு மூட்டை தூக்கும் இசக்கிமுத்து வாராவாரம் வந்தார். இடுப்பிலிருந்து இடது கால்வரை வலி. உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவார். ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவது ஸ்கேனில் தெரிந்தது. ஆபரேஷன் செய்துவிடும்படி கெஞ்சினார். ஜெசிந்தா அவருடைய கால் பெருவிரலைத் தன் விரலால் அழுத்தி, மேலே தூக்கச் சொல்வார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவார். பலருக்கும் இது தானாகத் தணியும், இப்போது வேண்டாம் என்று ஜெசிந்தா மாத்திரை எழுதி அனுப்புவார். கல்நெஞ்சுக்காரி என்று தில்லைநாயகம் மனத்துக்குள் சொல்லிக்கொண்டார்.

ஏழாவது வாரம் இசக்கிமுத்து மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார். முந்தாநாள் வலி சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிட்டதாம். பொறுத்தது நல்லதாகப் போயிற்று என்று தில்லைநாயகம் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

ஜெசிந்தா வாசலைக் காட்டினார். அங்கே இசக்கிமுத்துவின் வலது செருப்பு மட்டும் கிடந்தது.

"ரெண்டையும் போட்டுட்டுத்தானே வந்தேன் டாக்டரம்மா. ஒத்தச் செருப்பை எந்தப் பய எடுப்பான்?"

"தேடிக்கிட்டு வாங்க, டாக்டர்," என்றார் ஜெசிந்தா.

தில்லைநாயகம் முற்றத்து மணலில் இறங்கினார். வலது பக்கம் செருப்பின் அச்சு. இடது பக்கம் வெறும் பாதம். ஒவ்வொரு பாதத்துக்கும் முன்னால் விரல் இழுபட்ட கோடு. கேட்டைத் தாண்டி, தெரு மணலில் டீக்கடைவரை அந்தக் கோடுகள் போயின. கடை வாசலில் கிடந்தது செருப்பு. அங்கே கழன்றது இசக்கிமுத்துவுக்குத் தெரியவே இல்லை. தில்லைநாயகம் அதைக் கையில் எடுத்தார். ஏழு வாரமாக அவர் செருப்புகளைத் தாண்டித்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

அவர் திரும்பியபோது ஜெசிந்தா இசக்கிமுத்துவை இடது பெருவிரலைத் தூக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். விரல் அசையவில்லை. நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது, இன்றைக்கே ஆபரேஷன் என்றார் ஜெசிந்தா.

"அழுதப்ப மாட்டேன்னீங்க. சிரிக்கும்போது அறுக்கணுங்கிறீங்க. நல்ல நியாயம்," என்றார் இசக்கிமுத்து. பிறகு குனிந்து தன் விரலைப் பார்த்தார். இன்னொரு முறை தூக்க முயன்றார். கையெழுத்துப் போடப் பேனா கேட்டார்.

ஆபரேஷன் தியேட்டரில் கை கழுவும்போது தில்லைநாயகம் மெல்லக் கேட்டார்: "மூட்டை தூக்குற கால். திரும்பி வருமா?"

"ரெண்டு நாள்தான் ஆகியிருக்கு. வரலாம்."

"அழுதப்ப ஏன் மாட்டேன்னீங்கன்னு அவர் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே."

ஜெசிந்தா குழாயை முழங்கையால் மூடினார்.

"அழுத வரைக்கும் கால் அவர்கிட்ட இருந்தது, டாக்டர்."