நாரை இறக்காத கால்

அந்தக் காலத்தில், விலங்குகளும் பறவைகளும் வாய்விட்டுப் பேசித் திரிந்தபோது, கடலைச் சுற்றிப் பார்க்க அவற்றுக்கென்று ஒரு உல்லாசக் கப்பல் இருந்தது. அதில் உண்பதும் உறங்குவதும் போக மிச்சப் பொழுதெல்லாம் புளுகுதான். புளுகில் மன்னன் உடும்பு வீரணன். திமிங்கலத்தின் முதுகில் மிளகாய் காயவைத்தேன் என்பான். கேட்கிறவர்களும் காரமாக இருந்ததா என்று கேட்பார்கள். புதிதாக ஏறுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

அந்தப் பயணத்தில் புதிதாக ஏறியவள் செங்கமலம் என்ற நாரை. இன்னும் பறக்கப் பழகாத குஞ்சு ஒன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். வீரணன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு அவளிடம் வந்தான்.

"அக்கா, கடலுக்கு நடுவுல ஒரு கோடு இருக்கு. அதைத் தாண்டுறப்போ கப்பல் கனத்துப்போகும். புதுசா வந்தவங்க ஒத்தக்கால்ல நின்னு தண்ணியையே பாக்கணும். மறுகால் தரையில பட்டுச்சோ, கப்பல் முழுகிடும்."

செங்கமலம் கூடையைப் பார்த்தாள். பிறகு முன்முனையில் போய் நின்று ஒரு காலைத் தூக்கினாள்.

கப்பலே கூடிவிட்டது. முயல் கிச்சுகிச்சு மூட்டியது. சுக்கான் பிடிக்கும் ஆமைகூடச் சுக்கானைக் கயிற்றால் கட்டிப்போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. அவளுக்குத் தொடை கடுத்தது, அவமானம் அதைவிடக் கடுத்தது. காலை மட்டும் இறக்கவில்லை.

பார்க்கப் பொறுக்காமல் வெள்ளாடு காதருகே வந்தது. "அக்கா, சும்மா விளையாட்டுக்குச் சொன்னது. காலை இறக்குங்க."

"இருக்கட்டும். பொய்யா இருந்தா எனக்குக் கால் வலிக்கும், அவ்வளவுதான். நிஜமா இருந்தா என் பிள்ளை போயிடும்."

செங்கமலம் தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான், நேர் எதிரே நீலம் வெளுத்து, அடியில் கறுப்பாக ஒன்று கிடப்பது அவள் கண்ணில் பட்டது.

"பாறை! கப்பலைத் திருப்புங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அக்காவும் நம்ம வித்தையைக் கத்துக்கிட்டாங்களே" என்று வீரணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

இவர்களிடம் பேசிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. சிறகை விரித்துப் பின்பக்கம் பறந்தாள். அங்கும் ஒற்றைக் காலிலேயே இறங்கி, கயிற்றை அலகால் வெட்டினாள். சுக்கானில் மார்பைக் கொடுத்து முழுப் பலத்தோடும் தள்ளினாள். கப்பல் முனகிக்கொண்டு திரும்பியது. விலாப்பக்கத்தைப் பாறை கரகரவென்று உரசிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தார்கள். அதன் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

வீரணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். "காலை இறக்குங்கக்கா. கோடும் இல்லை, ஒண்ணும் இல்லை. எல்லாம் நான் கட்டிவிட்ட கதை."

"உன் கோடு பொய்தான் தம்பி. ஆனா பாறை நிஜம். இப்படி நின்னதாலதான் அது என் கண்ணுக்குத் தெரிஞ்சது. நான் இனிமே இப்படித்தான் நிப்பேன். சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்."

அன்று எடுத்த முடிவுதான். இன்றும் நாரை நீர்க்கரையில் ஒற்றைக் காலில், தண்ணீரையே பார்த்தபடி நிற்கிறது. யார் சிரித்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை.