கிளி மார்க் குங்குமம்

வக்கீல் தயார் செய்துகொடுத்த வழக்கு மனுவோடு குங்கும வியாபாரி வடமலை, மடத்துக்கு வந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஆனால் அவர் வந்தது கையெழுத்துப் போட அல்ல, மடத்து அம்மாவின் கண்முன்னால் அதைக் கிழித்துப் போட. மன்னித்துவிட்ட பெருமை முகத்தில் வழிந்தது.

மடத்துத் தலைவி பூரணத்தம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“கையில என்ன வடமலை?”

“என் கிளி மார்க் குங்குமத்தை ஒருத்தன் காப்பி அடிச்சு விக்கறான்மா. அதே சிவப்பு டப்பா, அதே கிளி. என் கிளி வலப்பக்கம் பார்க்கும், அவனுது இடப்பக்கம் பார்க்குது. உள்ளே மஞ்சளே கிடையாது, வெறும் சாயப்பொடி.”

“கேஸ் போட வேண்டியதுதானே?”

“போடத்தான் இருந்தேன். பேர் மேல பற்று வைக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க? அவனை மனசார மன்னிச்சுட்டேன்மா.”

பாராட்டு வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

“கிழிக்கலாம். அதுக்கு முன்னாடி வாசல்ல பூ விக்கற செண்பகத்தைக் கூப்பிடு.”

செண்பகம் வந்து நின்றாள். நெற்றி நடுவில் தோல் உரிந்து, நீர் கோத்த புண். அதன்மேலேயே குங்குமம் வைத்திருந்தாள்.

வடமலை குனிந்து பார்த்தார். “ஏம்மா, புண்ணு மேலயா வைக்கறே?”

“வெறும் நெத்தியோட எப்படிங்க ஐயா இருக்கறது? வீட்டுக்காரரு நல்லா இருக்கணுமே.”

“எந்தக் குங்குமம்?”

சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு சிவப்பு டப்பாவை நீட்டினாள். கிளி இடப்பக்கம் பார்த்தது.

“கல்யாணம் ஆன நாளா உங்க கிளிதாங்க. டப்பா மேல குத்தம் இல்லீங்க ஐயா. என் ஒடம்புலதான் ஏதோ கோளாறு.”

“இது என் குங்குமமே இல்லம்மா. இனிமே வைக்காதே.”

“கிளி இருக்குதுங்களே?” என்று குழம்பிப்போய்க் கேட்டாள்.

வடமலை டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு அவளை அனுப்பினார். கிளியை விட்டுக்கொடுக்காமல் தன் உடம்பைப் பழித்துக்கொண்டு போகிறாளே என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

மனு இன்னும் கையில்தான் இருந்தது.

“அம்மா, நான் மன்னிச்சது...” என்று ஆரம்பித்தார்.

பூரணத்தம்மாள் ஒரு கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார்.

“மன்னிக்கறதுக்கு அது உன் நெத்தியா, வடமலை?”